சுண்டுவிரலுக்கு வந்த ஆசை

சூசைமாணிக்கத்தின் கிட்டாரில் கம்பி ஆறு. அவருக்குத் தெரிந்த கார்டு மூன்று. அந்த மூன்றை வைத்துக்கொண்டே, மராத்திச் சீமையிலிருக்கும் கட்கியின் தமிழ்ப் பூசையில் வருஷக்கணக்காகக் காலத்தை ஓட்டிவிட்டார் மனுஷன். கார்டு என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இடது கை விரல்களால் இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அமுக்கிப் பிடித்து, வலது கையால் மொத்தத்தையும் ஒரு தட்டுத் தட்டவேண்டியது. பாடுகிறவர்கள் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்துவிடும். சூசை நல்ல சுவர்தான். அவர் மனைவி மோட்சராக்கினி மட்டும், "சப்பாத்தி தட்ற மாதிரியே கீது" என்பாள். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவருக்கு அதெல்லாம் உறைக்குமா? சப்பாத்தி வட்டமாக வருவது மட்டும் லேசா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

ராக்கினிதான் பாடகர் குழுவில் முதல் குரல். வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாம்மா. அவள் தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளை அப்படியே நிற்கும். அந்தக் குரல்தான் ஞாயிற்றுக்கிழமை பூசையில் தேனாக மாறும். எப்படி மாறுகிறது என்பது சூசைக்கு இன்றுவரை விளங்காத மர்மம். வீட்டில் அந்தத் தேனில் ஒரு சொட்டுக்கூட அவர் கண்டதில்லை.

ஆனால் ஒன்று கண்டிருந்தார். ஒவ்வொரு பாட்டையும் எடுக்குமுன் ராக்கினி திரும்பி அவரை ஒரு பார்வை பார்ப்பாள். பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். வீட்டில் அவருக்கு ஷிப்ட், அவளுக்கு ஸ்கூல், மிச்ச நேரத்துக்குத் தண்ணீர், கேஸ், கரண்ட். யார் யாரைப் பார்ப்பது? வாரம் முழுக்கக் கிடைக்காதது ஞாயிற்றுக்கிழமை நாலைந்து தடவை கிடைக்கும். சூசை பூசைக்குப் போனது ஆண்டவருக்காகவா, அந்தப் பார்வைக்காகவா என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

இந்தச் சுகத்துக்கு 1998-இல் ஆபத்து வந்தது. ஆர்மோனியம் வாசித்த சந்தானம் ரிட்டயராகி, மகனோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டார். அவர் போனபிறகுதான் அவர் இத்தனை நாளும் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கட்கிச் சபையில் பாட்டுப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. புத்தகம் தமிழில் இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்ததுகளுக்கு மராத்தியும் இந்தியும்தான் படிக்க வரும். புத்தகம் விசிறிக்கொள்ள உதவியது. பாட்டெல்லாம் காதில் ஏறியதுதான். சரணம் முடிந்ததும் சந்தானம் பல்லவியின் கடைசி அடியை ஆர்மோனியத்தில் ஒரு முறை வாசிப்பார். அது காதில் விழுந்ததா, எடு பல்லவியை! குழந்தை முதல் தேஹு ரோட்டிலிருந்து வரும் பெரியம்மாக்கள் வரை, கோயிலே சேர்ந்து பாடும்.

இப்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் சூசையின் சப்பாத்தி மட்டும் ஜங் ஜங் என்று விழுந்துகொண்டிருந்தது. ஃபாதர் திருச்சிக்காரர், நயமாகப் பேசுபவர். ஒரு நாள் சூசையின் தோளில் கையைப் போட்டார்.

"சூசை, பாட்டு வெறிச்சோடிக் கிடக்குது. சிஞ்ச்வட்லேர்ந்து நம்ம நிர்மல், கீபோர்டு எடுத்துட்டு வர்றேங்கறான். அதுலயே தபேலா, வயலின் எல்லாம் இருக்காம். மாதா திருநாள் வரைக்கும் உங்க கிட்டாரை வெச்சே பாப்போம். சரிப்படலேன்னா நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்குங்களேன்."

பாடகர் குழு நிற்கும் மூலை ரொம்பச் சின்னது. கீபோர்டுக்கு ஸ்டாண்டு போட்டால் சூசையின் நாற்காலிக்கு இடமில்லை. அவர் ஆண்கள் பெஞ்சில் போய் உட்காரவேண்டியதுதான். ராக்கினி திரும்பி நிர்மலைப் பார்ப்பாள்.

தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்யும் கெய்க்வாட், மாலை நேரங்களில் பேஞ்ஜோ பார்ட்டி வைத்திருந்தார். கணபதி ஊர்வலத்திலும் கல்யாண ஊர்வலத்திலும் வண்டி மேல் உட்கார்ந்து பேஞ்ஜோ வாசித்துத் தெருவையே ஆடவைக்கிற கோஷ்டி. சூசை அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். ஃபாதர் சொன்னதை மட்டும்தான் சொன்னார், பார்வையைப் பற்றி மூச்சு விடவில்லை.

தொழிற்சாலைக்குள் கிட்டாரைக் கொண்டுபோக முடியாது. டிபன் டப்பாவையே திறந்து பார்த்து அனுப்புகிற கேட்டு அது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் சூசை தன் இடது முன்கையை நீட்ட, கெய்க்வாட் அதையே கிட்டாரின் கழுத்தாக வைத்துக்கொண்டு பாடம் எடுத்தார். சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், சூசைக்கு நரம்பு பிசகிவிட்டது, கெய்க்வாட் நீவிவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பாடம் இதுதான். கார்டை விடாதே. பிடித்த விரல்கள் பிடித்தபடியே இருக்கட்டும். சும்மா இருக்கிற சுண்டுவிரலை மட்டும் பக்கத்துக் கம்பியில் வைத்து எடு. கார்டுக்குள்ளிருந்தே மெட்டு ஒரு துண்டு எட்டிப் பார்க்கும். அப்புறம் மறுபடி தட்டு.

கேட்கச் சுலபம். ஆனால் சூசையின் சுண்டுவிரல் அதுவரை காது குடைவதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை. அதைத் தூக்கினால் பக்கத்து விரலும் கூடவே எழுந்து வந்தது. இதை அமுக்கினால் அது நழுவியது. கம்பி "டங்" என்று செத்த சத்தம் போட்டது. சூசை விடவில்லை. கிட்டார் கையில் இல்லாத நேரத்திலும் சுண்டுவிரல் பயிற்சி எடுத்தது. டீக்கடையில் கிளாசின் மேல், பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியின் மேல். முன் சீட்டுக்காரர் ஒருவர் திரும்பி முறைத்துவிட்டு வேறு இடத்துக்கு மாறிப்போனார்.

ஒரு வழியாக விரல் படிந்தது. படிந்ததும் என்ன ஆயிற்று? நீச்சல் கற்றுக்கொண்டவன் வாளியைக் கண்டாலும் குதிக்கிற கதைதான். சூசை கிடைத்த இடத்திலெல்லாம் மெட்டைச் செருக ஆரம்பித்தார். ராக்கினி பாடும்போதே அவளுக்குக் குறுக்கே ஒன்று, அவள் இழுக்கும் இடத்தில் இரண்டு.

"இன்னாங்க இது? நான் பேசினா நடுவுல பூந்து பேசுவீங்களே, அதே மாதிரி பாட்டுலயும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று ராக்கினி பாட்டை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் இதைக் கேட்டு கெய்க்வாட் தலையில் அடித்துக்கொண்டார். பாடுகிறவள் மூச்சு விடும் இடத்தில் மட்டும் வாசிக்கவேண்டும், அதுதான் மரியாதை என்றார். "பீவீ கீ ஸான்ஸ் தேக், சூசை!" பெண்டாட்டியின் மூச்சைக் கவனி என்று அர்த்தம். அப்படி ஒரு வேலையை இத்தனை வருஷத்தில் யாரும் சூசைக்குக் கொடுத்ததில்லை.

அன்று முதல் சூசை ராக்கினியின் மூச்சைப் பிடிக்கக் கிளம்பினார். அவள் பாடிக்கொண்டே மாவு பிசைந்தால் சமையலறை வாசலில் நின்றார். துணி உலர்த்தினால் பால்கனிக்கு வந்தார். அவள் தோளையும் கழுத்தையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாத்துக்கு இப்பிடி முழுச்சி முழுச்சிப் பாக்குறீங்க? மூஞ்சில மாவு ஒட்டினு கீதா?"

"ஒண்ணுமில்ல, மூச்சைப் பாக்கறேன். நீ பாடு."

"வயசான காலத்துல ஆளு சரியில்லையே," என்று சொன்னாலும், ராக்கினி அன்று சாயங்காலம் தலையை ஒழுங்காக வாரிக்கொண்டாள்.

கண்டுபிடித்தது என்னவென்றால், ராக்கினி மூச்சே விடுவதில்லை. பேசும்போதும் விடமாட்டாள், பாடும்போதும் விடமாட்டாள். காணிக்கைப் பாட்டின் சரணம் இருக்கிறதே, நீளமான சரணம், அதில் மூன்றாம் அடியை மற்றவர்கள் இரண்டாக உடைத்துப் பாடுவார்கள். அவள் ஒரே இழுப்பில் கொண்டுபோய் இறக்குவாள். ஆகமொத்தம் சூசைக்கு மிஞ்சியது பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவிலிருந்த சந்து ஒன்றுதான். போகட்டும், அதிலாவது ஒரு நல்ல மெட்டாகப் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தார். எந்த மெட்டு? அவர் காதில் ஊறிக்கிடந்த மெட்டு ஒன்றே ஒன்று. சந்தானம் ஆர்மோனியத்தில் வாசிக்கும் அந்தப் பல்லவியின் கடைசி அடி. சுண்டுவிரல் அதை அழகாக எடுத்துக்கொடுத்தது. ஒத்திகையில் பாடகர் குழு மட்டும் இருந்தது, எல்லாரும் பலே என்றார்கள். அதில் என்ன வில்லங்கம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

திருநாள் பூசைக்குக் கோயில் பிதுங்கியது. சிஞ்ச்வட், விஷ்ராந்த்வாடி, தேஹு ரோடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம். முன் வரிசையில் நிர்மல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காணிக்கைப் பாட்டு வந்தது. ராக்கினி திரும்பிப் பார்த்தாள். சூசை தட்டினார். பல்லவி அமர்க்களமாக முடிந்தது. காணிக்கை கொண்டுவந்தவர்கள் தட்டுகளோடு பீடத்தை நோக்கி நடந்தார்கள். சூசை கார்டை விடாமல், சுண்டுவிரலைத் தூக்கி, அந்த மெட்டை முத்து முத்தாக வாசித்தார்.

ராக்கினி சரணத்தை எடுத்தாள். கோயில் பல்லவியை எடுத்தது.

எடுக்காமல் என்ன செய்யும்? கடைசி அடி காதில் விழுந்துவிட்டதே! ஒரு குரல் எத்தனை பெரியதானாலும் ஒரு கோயிலோடு மல்லுக்கட்ட முடியுமா? ராக்கினி பல்லவிக்கே திரும்பினாள். பல்லவி முடிந்தது. சூசைக்கு வேர்த்துவிட்டது. பதற்றத்தில் தலை எதையும் யோசிக்கவில்லை, பழகிய விரல் பழகியதையே செய்தது. மறுபடி அதே மெட்டு. மறுபடி பல்லவி. தேஹு ரோட்டுப் பெரியம்மாக்கள் இந்தத் தடவை கையும் தட்டினார்கள். காணிக்கைத் தட்டுகள் பீடத்துக்கு வந்து சேர்ந்து, ஃபாதர் கையில் ஏறி, இறங்கி, எல்லாம் முடிந்தும் பல்லவி மட்டும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஃபாதர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அது சூசை ஆசைப்பட்ட பார்வை இல்லை.

அடுத்த தடவை பல்லவி முடிந்ததும் சூசை உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் அழுத்தி வைத்துவிட்டார். கோயில் காத்திருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. தொலைந்தது, எல்லாம் தொலைந்தது என்று சூசை தலையைக் குனிந்துகொண்டார். அப்போது ராக்கினி அந்த அமைதியில் தனியாகச் சரணத்தை எடுத்தாள். சூசை பயந்துபோய், வெறும் கார்டை மெதுவாகத் தட்டினார். முதலடி, இரண்டாம் அடி. மூன்றாம் அடியின் நடுவில், ஒருநாளும் இல்லாத வழக்கமாக, ராக்கினி நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

சுண்டுவிரல் தானாக எழுந்தது. சந்தானத்தின் மெட்டு இல்லை, எதுவும் இல்லை. இரண்டே இரண்டு சுரம். அவள் விட்ட இடத்திலிருந்து அவள் போகவேண்டிய இடத்துக்கு. அவள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனாள். சூசைக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், கோயிலோடு மல்லுக்கட்டிக் களைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

பூசை முடிந்து வெளியே பந்தலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். ஃபாதர் வந்தார். திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"சூசை, அடுத்த வாரத்துலேர்ந்து நிர்மல் வரட்டும்."

"சரிங்க ஃபாதர்." சூசை பொங்கல் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வரட்டும் ஃபாதர், தங்கமான புள்ள," என்றாள் பக்கத்தில் நின்ற ராக்கினி. "ஆனா இவரு நாற்காலி அங்கியேதான் இருக்கணும். இல்லாட்டி நான் யாரைப் பாத்துப் பாட்டு எடுக்கறது?"

"நிர்மலைப் பாத்து எடும்மா."

"அவனை எதுக்குப் பாக்கணும்? அவன்தான் தப்பே பண்ணமாட்டானே! எந்த எடத்துல கவுத்துடுவாரோன்னு இவரு மேலதான் ஒரு கண்ணு வெச்சினே இருக்கணும்."

ஃபாதர் சிரித்துவிட்டார். கீபோர்டு ஸ்டாண்டைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், இரண்டு பேரும் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார்.

நாற்காலி பிழைத்தது. ஆனால் சூசையின் நெஞ்சு பொடிப்பொடியாகிவிட்டது.

"ஏம்மே, இத்தினி வருசமா நீ என்னைப் பாத்ததெல்லாம் தப்பு பண்றேனான்னு பாக்கவா?"

"பின்ன? அழகைப் பாக்கவா?"

சூசை பொங்கலை விரலால் கிளறினார். பேச்சை மாற்றுவதற்காக, "அந்த மூணாவது அடியில ரொம்பக் களைச்சிப் போயிட்டே இல்ல? மூச்சு வாங்கிட்டே," என்றார்.

"களைப்பா? எனக்கா?" ராக்கினி அவரை நேராகப் பார்த்தாள். "இன்னும் நாலு தடவை அதே பல்லவியைப் பாடியிருப்பேன். மனுசன் தலையைத் தொங்கப் போட்டுனு கீறாரே, கஷ்டப்பட்டுக் கத்துக்கினதை ஒரு வாட்டியாவது வாசிக்கட்டும்னு நிறுத்தினேன். அதுகூடத் தெரியல, மூச்சைப் பாக்கறாராம் மூச்சை!"

சொல்லிவிட்டு அவள் அவருடைய தட்டிலிருந்த முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.