அப்ரெஹெத் முரசடித்த விடுதலை நாள்

மே இருபத்து நான்காம் தேதி காலையில், அஸ்மராவில் அந்தத் தெரு முழுக்கக் கொடி கட்டியிருந்தார்கள். அப்ரெஹெத் விழாவுக்காக ஹிம்பாஷா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது எல்லைக்கு அந்தப் பக்கம் கஸ்ஸாலாவிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அக்கா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்ல, சொல்லு."

"கல்யாணத்துக்கு மூணு பேர் கிளம்பினாங்க. ரெண்டு பேர்தான் வந்து சேர்ந்தாங்க."

எல்லை தாண்டுவதைப் போனில் யாரும் அப்படியே சொல்வதில்லை, கல்யாணம் என்பார்கள். கட்டாயப் பட்டாளத்தில் ஏழு வருடமாகியும் விடுதலை கிடைக்காத மகன் ஃபில்மோன் கிளம்பப்போவது அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"நம்ம பையன்?"

தங்கையால் அதற்குமேல் மறைத்துப் பேச முடியவில்லை. "தண்ணியில்லாம விழுந்துட்டானாம் அக்கா. அந்த ரெண்டு பேரும்தான் மண்ணு தள்ளினாங்களாம்."

ரொட்டி கருகிய வாடையில்தான் அப்ரெஹெத்துக்கு நினைவு வந்தது. அதற்குள் தெருக் குழுத் தலைவர் தெஸ்ஃபு வாசலில் நின்றார்.

"என்னக்கா, இன்னும் கிளம்பலையா? முரசு இல்லாம பொம்பளைங்க வெறுங்கையத் தட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஃபில்மோனுக்கு லீவு கிடைக்கலையா?"

"விடலையாம்."

"பட்டாளம்னா அப்படித்தான். நாங்களும் பட்டவங்கதானே" என்று சிரித்தார்.

அழுதால் மகன் ஓடிப்போனது தெரிந்துவிடும். மகள் செனாயித் இன்னும் பட்டாள முகாமில் இருந்தாள். அண்ணன் செய்ததற்கு அவளைத்தான் பிடிப்பார்கள். அப்ரெஹெத் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பெண்கள் வட்டமாகச் சுற்றி ஆடினார்கள். போராளிகள் ஊருக்குள் நுழைந்த அந்த முதல் நாள், பத்தொன்பது வயதில் இதே தெருவில் கை வீங்கும்வரை முரசடித்தவள் அவள். அன்று எதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். சரியாக ஞாபகம் வரவில்லை. தாளம் மட்டும் பிசகாமல் வந்தது.

"இந்த வருஷம் உன் கைக்கு என்ன ஆச்சு? எங்களால ஈடு குடுக்க முடியலடி" என்றாள் ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டே.

சாயங்காலம் பக்கத்து வீட்டு சிகே காப்பிக்கொட்டையோடு வந்து கதவைச் சாத்தினாள். கொட்டையை வறுத்து, இடித்து, முதல் கோப்பையை ஊற்றிக் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஃபில்மோனா?"

அப்ரெஹெத் தலையசைத்தாள்.

"என் மூத்தவன் ஓடிப்போய்க் கடல்ல முழுகினப்ப நான் யார்கிட்டயும் சொல்லல. துணியக் கடிச்சுக்கிட்டே அழுதேன். உனக்காவது இன்னிக்கு வெளியில பாட்டு ஓடுது. அது நிக்கிறதுக்குள்ள அழுதுடு."

அப்ரெஹெத் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு காத்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டும் வரவில்லை. தெருவில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, நாற்காலிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிகே எட்டி அவள் வாயைப் பொத்தினாள்.