மாமியாருக்கு ஒரு சலாம்

தன் மூன்றாவது பாட்டு ஆல்பத்துக்கு நான் வேண்டாம் என்றாள் என் மனைவி கௌஹார். முதல் இரண்டையும் நான்தான் தயாரித்தேன். விமர்சகர்கள் பாராட்டினார்கள். யாரும் கேட்கவில்லை.

அவள் பிடித்த ஆள் தோரெபெக். கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசித்துக் குடிகாரர்களை ஆட வைப்பவர். அல்மாத்தியில் எங்கள் நண்பர்கள் சிரித்தார்கள். நான் சண்டை போட்டேன்.

“உன் கையில என் குரல் ஏற்கெனவே செத்துக் கிடக்கு, மிராஸ்,” என்றாள்.

நவம்பரில் மலைச்சாலைப் பனியில் அவள் கார் சறுக்கியது. அவள் பிழைக்கவில்லை. நான் தூங்குகிறேன். சாப்பிடுகிறேன். கேட்பவர்களிடம் அதைத்தான் சொல்கிறேன்.

ஆல்பத்தை அவள் முடித்துவிட்டுத்தான் போயிருந்தாள். கடைசிப் பாட்டுக்கு மட்டும் என் சம்மதம் வேண்டும் என்று தோரெபெக் கூப்பிட்டார். என் அம்மாவும் கிளம்பி வந்தாள்.

அது பெத்தாஷார். கசாக் கல்யாணங்களில் மணப்பெண்ணின் முகத்திரையை விலக்கும்போது பாடகன் பாடுவது. மாமனார், மாமியார், நாத்தனார் என்று ஒவ்வொருவராகச் சொல்லி, “ஒரு சலாம்” என்பான். பெண் குனிவாள். எங்கள் கல்யாணத்தில் அது இல்லை. அம்மா வரவே இல்லை. யாரும் பாடாததை கௌஹார் தானே பாடி வைத்திருந்தாள். அதில் அம்மாவின் பெயரும் உண்டு. தோரெபெக் போனில் அதைச் சொன்னதிலிருந்து அம்மா சொந்தக்காரர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: “மருமக எனக்குக் குனிஞ்சு சலாம் பாடியிருக்கா.”

தோரெபெக்கின் ஸ்டுடியோ ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் இருந்தது. குதிரைக்கறி வேகும் வாசனை. தோரெபெக் பாலூற்றிய தேநீரை எங்கள் முன் வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டார். கீபோர்டில் டிரம்பெட், மண்டபமே அதிரும் டிரம். என் கால் தாளம் போட்டது. நிறுத்தினேன்.

“மாமியார் சாவ்லேவுக்கு ஒரு சலாம்” வந்தது. மற்ற வரிகளைப் போலவே ஓங்கி, நேராக.

“எங்க குனிஞ்சா?” என்றாள் அம்மா.

“குனிஞ்சா அக்கா. மைக் முன்னாடியே குனிஞ்சா,” என்று சிரித்தார் தோரெபெக். “சலாம்னு வாயில வந்தா நம்ம பொண்ணுங்களுக்கு இடுப்பு தானா வளையுதே! வாய் மைக்க விட்டு இறங்கிடுச்சு. குரல் தாழ்ந்த இடத்தையெல்லாம் நான்தான் தூக்கிச் சரி பண்ணேன்.”

“சரி பண்ணாததைப் போடுங்க,” என்றேன்.

போட்டார். டிரம் இல்லை. ஒவ்வொரு சலாமிலும் குரல் தாழ்ந்து, தூரம் போய், திரும்பி வந்தது. அம்மா கைக்குட்டையைத் தேடினாள்.

“இதுதான்டா. இதையே வெளியிடு. எல்லாரும் கேக்கட்டும்.”

எனக்கும் அதுதான் பிடித்தது. அமைதியாக, என் ஆல்பங்களைப் போல இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இன்னும் முடியல தம்பி, முழுசா கேளு,” என்றார் தோரெபெக்.

பாட்டு முடிந்ததும் பதிவில் கௌஹார் சிரித்தாள். என் ஒலிப்பதிவுகள் எதிலும் அந்தச் சிரிப்பு இல்லை.

“ஐயய்யோ, குனிஞ்சு தொலைச்சிட்டேனா? அண்ணே, அதை நிமித்திடுங்க. வராதவங்களுக்கு என்ன சலாம்?”

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தேநீர் தளும்பியது.

“அவ விளையாட்டுக்குச் சொன்னது. நீ புருஷன், நீ சொல்லு.”

நான் தோரெபெக்கைப் பார்த்தேன். “அவ சொன்னபடியே விடுங்க.”

“ஊரெல்லாம் சொல்லிட்டேனேடா!”

“கல்யாணத்துக்கு வந்திருந்தா நேர்லயே குனிஞ்சிருப்பாம்மா.”

 

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தப் பாட்டுதான். என் தயாரிப்பில் ஒரு பாட்டுக்கும் யாரும் ஆட எழுந்ததில்லை. இதற்குக் கிழவர்கள்கூட எழுந்துவிடுகிறார்கள். போன வாரம் சித்தி மகள் கல்யாணத்தில் அம்மாவின் பெயர் வந்தபோது பக்கத்தில் இருந்த சித்தி குனிந்து கேட்டாள்: “ஏன்க்கா, மருமக உனக்குக் குனிஞ்சு பாடினான்னியே, ஒண்ணும் தெரியலையே?”

“ஸ்பீக்கர் சரியில்ல,” என்றாள் அம்மா.