வசனத்தில் இல்லாத சண்டை

பாரிஸில் சில்லறை வேடங்கள் கட்டிக்கொண்டிருந்த அர்லெத் நான். எஸ்பெராந்தோ என்ற செயற்கைப் பொதுமொழியிலேயே முழுநீளப் படம் எடுக்கப்போவதாக இயக்குநர் ரேமோன் வந்து சொன்னபோது, "அது யாரு பேசுற பாஷை?" என்று கேட்டேன்.

"இனிமே எல்லாரும் பேசப்போறது," என்றான். கதாநாயகி வேடம் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

காட்சியை பிரெஞ்சில் விளக்குவான். வசனத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். மற்ற நடிகர்களும் அப்படித்தான். விளக்குப் பிடிக்கிறவர்களும் காமிராக்காரரும் எஸ்பெராந்தோ ஆர்வலர்கள். சாப்பிடும்போதும் அதிலேதான் சண்டை போடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும், எழுந்து நடப்பேன்.

ஓட்டல் காட்சி. ஓடிப்போன கணவனைத் தேடி வருகிறேன். அப்படி யாரும் இங்கே தங்கவில்லை என்று குமாஸ்தா சொல்ல வேண்டும். குமாஸ்தா வேடக்காரன் வேறு வேலை கிடைத்துக் கழன்றுகொண்டான். ரேமோன் வீட்டில் விருந்தாளியாக இருந்த தோதோர் என்ற பல்கேரியரைப் பிடித்து நிறுத்தினார்கள். அவருக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது, எஸ்பெராந்தோவில்தான் பேசுவார்.

காமிரா ஓடியது. எனக்கு வசனம் மறந்துபோனது. கை நடுங்கியது. தோதோர் அதை நடிப்பென்றே நினைத்துவிட்டார்.

"ஏம்மா நடுங்குறீங்க? உடம்பு சரியில்லையா?"

புரிந்தது. எப்படியென்று யோசிக்க நேரமில்லை, அதே பாஷையில் கத்தினேன். "நடுங்கல! நீங்க பொய் சொல்றீங்க. அவரு மேலதான் இருக்காரு. வழிய விடுங்க!"

"போங்க, தடுக்கல. ஆனா அவரு இருக்கிற கோலத்தப் பாத்துட்டா, அதுக்கப்புறம் அவரோட வாழ முடியுமா?"

வாயைத் திறந்தேன். அதற்குள் படச்சுருள் தீர்ந்துபோனது.

ரேமோன் பாய்ந்து வந்தான். "யாரு எழுதின வசனம் இது? சுருள் போச்சே! என்ன பேசினன்னாவது தெரியுமா உனக்கு?"

"தெரியும்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தோதோர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வேறு சுருள் வாங்க வழியில்லாததால் அதையே படத்தில் வைத்தான்.

படத்தின் முதல் திரையிடல் எஸ்பெராந்தோ சங்கத்தின் மண்டபத்தில். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, கதவோரம் நின்றேன். கதாநாயகன் காதலைச் சொன்னபோது உச்சரிப்பைக் கேட்டுக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ரேமோன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். ஓட்டல் காட்சி வந்தது. சிரிப்பு அடங்கியது. தோதோரின் கேள்விக்கு முன்வரிசையில் ஓர் அம்மாள் உரக்கச் சொன்னாள்: "முடியாது!"

"ஏன் முடியாது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். மண்டபமே இரண்டு கட்சியாகிவிட்டது.

எந்தத் தியேட்டரும் படத்தை வாங்கவில்லை. ரேமோன் சோப்பு விளம்பரம் எடுக்கப் போனான். திரையிட்ட அன்று மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அந்த முன்வரிசை அம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"நீயே சொல்லு. முடியுமா?"

"முடியும்னுதான் நினைக்கிறேன்."

"அசடு!" என்றாள். மழையில் மெத்ரோ ரயில் நிலையம் வரைக்கும் எஸ்பெராந்தோவில் அவளோடு கத்திக்கொண்டே நடந்தேன்.