இன்ஹ்வானுக்குப் போன அழைப்பு

செத்து மூன்று வருடமான ஆளை ஒரே கடிதத்தில் வரவழைத்தவன் நான். பூசான் நகரத்தில் வேறு எவனுக்கும் இந்த வித்தை தெரியாது.

இருபத்தைந்து வருடமாக நாங்கள் ஆடும் ஆன்லைன் விளையாட்டில் கூட்டம் குறைந்ததால், கம்பெனி புதிதாக ஒரு தீவைத் திறந்தது. ஆட்டத்தை விட்டுப்போன நண்பனுக்கு அழைப்புக் கடிதம் அனுப்பினால், திரும்பி வருகிறவனுக்குப் புது வாள் பரிசு. நான் எங்கள் பழைய கூட்டாளி இன்ஹ்வானை அழைத்தேன்.

"புத்தி பிசகிடுச்சா அண்ணே? செத்தவரு வாள் கேட்டாரா?" என்றான் பக்கத்து நாற்காலி தொக்சு. இன்ஹ்வானின் சாவு வீட்டுக்கு அவன் போகவில்லை. விளையாட்டில் கோட்டைச் சண்டை இருக்கிறதென்று அன்றும், மணிக்கணக்கில் காசு கொடுத்து நாங்கள் ஆடும் இதே கம்ப்யூட்டர் கடையில்தான் இருந்தான். பிறகு அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்கவே அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஞாயிறு மதியம் திரையில் இன்ஹ்வானின் வீரன் புது வாளோடு தீவில் வந்து நின்றான். என் வழுக்கையில் முடி முளைத்து, முளைத்த கையோடு சிலிர்த்தது.

"எவனோ திருட்டுப்பய அவரு கணக்குக்குள்ள புகுந்துட்டான்" என்றான் தொக்சு. ஆனாலும் தன் வீரனை இரண்டு முறை விழுந்து வணங்க வைத்தான். எங்கள் வழக்கத்தில் உயிரோடிருப்பவருக்கு ஒரு வணக்கம், செத்தவருக்கு இரண்டு.

வெகுநேரம் கழித்து இன்ஹ்வானின் வீரன் ஒரே ஒரு முறை விழுந்து வணங்கினான். துக்கம் கேட்க வந்தவருக்கு வீட்டார் செய்யும் பதில் வணக்கம் அது. அவனுடைய கடவுச்சொல் தெரிந்த வீட்டாள் அவன் மனைவி ஒருத்திதான்.

"அண்ணி..." என்று தொக்சு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"வந்தானா இல்லையாடா?" என்றேன் நான்.

"வந்தாரு அண்ணே. நான்தான் மூணு வருஷம் கழிச்சு வந்திருக்கேன்."