பால்குடப் பதிவு

விஷ்ணுப்ரியாவின் நாற்காலிக்குப் பின்னால் காப்பிக் கோப்பையோடு வந்து நின்ற முகுந்தன், அதைக் குடிக்க மறந்துபோனான். அவளுடைய கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வரியும் எங்கோ ஒரு கைத்தொலைபேசியைப் பிடித்திருக்கும் ஓர் ஆள் என்றாள் அவள், திரும்பாமலே. கிள்ளான் அம்மன் கோயிலின் ஆடிப்பூரப் பால்குடத்துக்கு இந்த வருடம்தான் முதல்முறையாக இணையத்தில் பதிவு. போன வருடம் வரை கோயில் வாசலில் வரிசை நிற்கும். மழையும் வரும், சண்டையும் வரும். ‘என் வொய்ஃப் செஞ்சி குடுப்பா’ என்று கமிட்டியிடம் வாக்குக் கொடுத்தவன் முகுந்தன். அந்தப் பதிவு நின்றுபோனால் கோயில் வாசலில் தலைகுனிந்து நிற்கப்போவது அவள்.

கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டுகிறவனுக்குத் தான் செய்த வேலை கண்ணுக்குத் தெரியும். காலையில் கப்பலில் இருந்தது மாலையில் கரையில் இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டின் இந்த மூலையில் இவள் என்ன கட்டுகிறாள் என்பது மட்டும் பிடிபடவேயில்லை. அவள் லாராவெல், லாராவெல் என்று போனில் பேசியபோது கூட வேலை செய்யும் வெள்ளைக்காரி என்றே நினைத்திருந்தான்; அது அவள் இணையதளம் கட்டும் கருவியின் பெயர். சுங்கை வே அடுக்குமாடியில் இருக்கும் அவன் அம்மா சீதாலெட்சுமிக்கு அந்தக் குழப்பம்கூட இல்லை. “வூட்டுலயே உக்காந்து தட்டுறதுக்கு ஒரு சம்பளமா,” என்று பெண் பார்த்த அன்றே சொன்னவள். விஷ்ணுப்ரியா அதை மறக்கவில்லை, சொல்லிக்காட்டவும் இல்லை.

இன்று அவள் சொல்லச் சொல்ல அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சர்வருக்கு ஞாபகம் என்பதே கிடையாதாம். பெயரைக் கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் யார் நீ என்றுதான் கேட்குமாம். ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் சீட்டைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டுமாம். உறுதிச் செய்தி அனுப்புகிற வேலையைப் பின்கட்டு வரிசையில் போட்டுவிட்டு வந்த ஆளை உடனே அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர்கள் தேங்கிவிடுவார்கள் என்றாள். துறைமுக வாசலில் லோரிகளை நிறுத்தி வைக்காத அதே கணக்கு. அவன் ஒரு கப்பலை இறக்குவான். இவள் இந்தச் சின்ன மேசையில் ஊரையே இறக்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளைக்கு நடுவே சிவப்பு வரிகள் தலைகாட்டின. திருட்டு ரோபோக்கள், ஆள்போல நடித்து இடத்தைச் சுருட்டும் நிரல்கள் என்றாள் விஷ்ணுப்ரியா. ஒரே போன் எண்ணிலிருந்து ஐந்து பெயருக்கு மேல் வந்தால் கதவைச் சாத்திவிடும்படி அவள்தான் எழுதியிருந்தாள். வெளியிலிருந்து வருகிற எதையும் நம்பக்கூடாது; அவள் தொழிலின் முதல் பாடம் அது. முகுந்தன் குனிந்து பார்த்தான். அந்தச் சிவப்பு எண்களில் ஒன்றைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

“இது அம்மா நம்பர் லா,” என்றான்.

சொல்லி வாய்மூடவில்லை, அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரை அழுத்தினான். சீதாலெட்சுமியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“டேய், சிஸ்டம் என்னைய வெளிய தள்ளிருச்சிடா. பிளாக்கு சனமே கீழ ஐசி கார்ட கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. எம் மருமவ செஞ்சது, நிக்கவே நிக்காதுன்னு பெருமையா சொல்லி நாந்தான் கூட்டியாந்தேன். இந்தப் பக்கத்து வூட்டு இராஜம்மா வேற என் மூஞ்சியப் பாத்து சிரிக்கிறா.” குரல் இறங்கியது. “பிரியாகிட்ட சொல்லிறாத. பாவம், வேலையா இருப்பா.”

விஷ்ணுப்ரியாவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன. பிறகு மற்ற சிவப்பு எண்களைத் திறந்து பார்த்தாள். செராஸில் ஒரு எண், பதினோரு பெயர். கிள்ளானில் ஒரு எண், ஏழு பெயர். எல்லாம் நிஜமான அடையாள அட்டை எண்கள். ஒவ்வொரு அடுக்குமாடியிலும் போன் தெரிந்த ஓர் அக்கா, சுற்றிலும் தெரியாதவர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு போன் என்று முன்பு இணையக் கடைகளுக்கு எழுதிய விதியைக் கோயிலுக்கும் அப்படியே வைத்துவிட்டாள். அவள் பயந்த ரோபோக்கள் எல்லாரும் யாரோ ஒருவரின் அம்மா.

“அம்மா நம்பர மட்டும் தொறந்து விடு,” என்றான் முகுந்தன்.

“மத்தவங்க என்ன பாவம் செஞ்சாங்க?” என்றாள்.

விதியை மாற்றி எழுதத் தொடங்கினாள். ஒரு போனிலிருந்து எத்தனை பெயரும் வரலாம். ஓர் அடையாள அட்டைக்கு ஒரே குடம். இரண்டு முறை அழுத்தினாலும் ஒன்றுதான். எழுதி முடித்ததும் அவள் அதை அனுப்பிவிடுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவளோ தன் கணினியிலேயே சோதனைகளை ஓடவிட்டாள். சுங்கை வேயில் அம்மா போனை வைக்காமல் காத்திருந்தாள்; இராஜம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் தவித்தான்.

“ஓடிக்கிட்டு இருக்கிறதுல நேரா கை வைக்கக்கூடாதுங்க. ஒண்ணு தப்பாப் போனா உள்ள இருக்கிற அத்தனை பேரும் விழுந்துருவாங்க.”

சோதனைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஒன்று மட்டும் சிவந்தது. அவள் உதட்டைக் கடித்துத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். எல்லாம் பச்சையானதும் அனுப்பினாள். பழைய நிரல் வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருக்க, புதியது அதன் பக்கத்திலேயே எழுந்து நின்று, அடுத்து வந்தவர்களை ஏற்றுக்கொண்டது. முகுந்தன் மூச்சைப் பிடித்தபடி பார்த்தான். வெள்ளை வரிகள் ஓர் இமைப்பொழுதும் நிற்கவில்லை. ஓடுகிற லோரிக்குச் சக்கரம் மாற்றியிருக்கிறாள். உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியவில்லை.

“இன்னொரு தடவ போட்டுப் பாருங்க அத்தை,” என்று போனை நோக்கி மெல்லச் சொன்னாள். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தமும், “யாரும்மா அடுத்தது, ஐசிய காட்டு,” என்ற அதிகாரக் குரலும் கேட்டன.

அம்மாவின் எண்ணை மட்டும் தனியே ஒரு சன்னலில் திறந்து வைத்தாள். பக்கிரிசாமி வந்தார். மலர்விழி வந்தாள். இராஜம்மாவும் வந்தாள். முகுந்தன் சின்ன வயதில் மாடிப்படிகளில் பார்த்த முகங்கள் எல்லாம் ஒவ்வொரு வரியாக ஏறி வந்தன. கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்து அவன் ஆறிப்போன காப்பியை வாய்க்குக் கொண்டுபோனபோது இன்னும் இரண்டு வரிகள் சேர்ந்தே வந்தன. ஒரே நேரம், அடுத்தடுத்த இடம். கீழே சீதாலெட்சுமி. மேலே, அம்மா கையால் பதிந்த விஷ்ணுப்ரியா.

விஷ்ணுப்ரியா கையை நீட்டி, திரையில் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே விரலை வைத்தாள். அந்தச் சன்னலுக்கு வெளியே யார் யாருடைய பெயர்களோ வந்து சேர்ந்துகொண்டேயிருந்தன.