தண்ணீரைப் பற்றி ஒரு வரி

அங்கன்வாடிப் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு, கதவோரம் உட்கார்ந்து தேவி செல்போனைத் திறந்தாள். ஆசிரியை மார்கரெட்டிடமிருந்து பதில் வந்திருந்தது. எப்போதும் முதல் வரியிலேயே பாராட்டிவிடும் மார்கரெட், இந்த முறை வேறு மாதிரி ஆரம்பித்திருந்தாள்.

‘உங்கள் ஊரில் ஏரி இருப்பதாக முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதன்பிறகு அனுப்பிய ஐந்து அறிக்கைகளில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதில் சொல்ல வேண்டும் என்றில்லை. தோன்றியது, கேட்டேன்.’

தேவி செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். தொட்டிலில் இருந்த குழந்தை ஒருமுறை சிணுங்கி அடங்கியது.

இயற்கையோடு ஒட்டியிருந்து மனக்காயத்தை ஆற்றுவது எப்படி என்று சொல்லித்தரும் அஞ்சல்வழிப் படிப்பு அது. எங்கோ குளிர்நாட்டிலிருந்து பாடங்கள் மின்னஞ்சலில் வரும். அங்கன்வாடி மேற்பார்வையாளர் அர்ச்சனாதான் அதைப் பற்றிச் சொல்லி இவளைச் சேர்த்துவிட்டாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கையில் தேவி பாதியில் நிறுத்திவிட்டு வெளியே எழுந்து போவதை அவள் இரண்டு மூன்று முறை பார்த்திருந்தாள். ‘ஏன் சேருகிறீர்கள்’ என்ற கேள்விக்கு, ‘குழந்தைகளுக்குச் சொல்லித்தர’ என்று தேவி எழுதினாள். பதினொரு வயது மகள் சுவேதா, இரண்டு வருடத்துக்கு முன் பொங்கல் லீவில் தோழிகளோடு ஏரிக்குக் குளிக்கப் போய்த் திரும்பாததை எழுதவில்லை.

பாடங்கள் எளிமையானவைதான். மனதை இழுக்கும் ஓர் இடத்துக்குப் போக வேண்டும், அங்கே இருக்கலாமா என்று அந்த இடத்திடமே அனுமதி கேட்க வேண்டும், சும்மா இருக்க வேண்டும், உணர்ந்ததை எழுத வேண்டும். தேவி அங்கன்வாடிக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் போய் உட்காருவாள். ஒன்றும் தோன்றாது. காலில் எறும்பு ஏறும், எழுந்து வந்துவிடுவாள். ஆனால் மரம் தன்னோடு சேர்ந்து மூச்சு விட்டது என்று எழுதி அனுப்புவாள். அப்படித்தான் ஐந்தும் போயின.

அன்று சாயங்காலம் கணவன் புகழேந்தி டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து கைகால் கழுவினான். பண்டசோழநல்லூரில் எந்த வயலுக்கு உழக் கூப்பிட்டாலும் போகிறவன், ஏரிக்கு மேற்கே உள்ள நிலங்களை மட்டும் இரண்டு வருடமாக ஒத்துக்கொள்வதில்லை. ஏன் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

தட்டை வைத்துவிட்டுத் தேவி சொன்னாள். “நாளைக்கு ஏரிக்குப் போலாம்னு இருக்கேன்.”

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். “எதுக்கு?”

“படிப்புக்குத்தான். அங்க போயி உக்காரணும். உக்காரலாமான்னு மொதல்ல அதுகிட்ட கேக்கணும்.”

“எதுகிட்ட?”

“ஏரிகிட்ட.”

அவன் அவளையே பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தாள். குரல் உயரவேயில்லை.

“நீ கேப்ப. அது நம்மகிட்ட கேட்டுச்சா தேவி?”

அவன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பனி வயல்மேல் வெள்ளையாகக் கிடந்தது. தேவி வாய்க்கால் ஓரமாக நடந்தாள். பாதி வழியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தைந்தடி தள்ளியே அது வந்துகொண்டிருந்தது.

கரைமேல் ஏறியதும் கால் நின்றுவிட்டது. ஏரி நிறைந்திருந்தது. அவள் நினைவில் அது கறுப்பாக, ஆட்கள் கூட்டமாக, டார்ச் வெளிச்சமாக இருந்தது. இங்கே அல்லி பூத்திருந்தது. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நாமக்கோழிகள் தண்ணீர்மேல் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. இத்தனை அழகாக இருக்க இதற்கு எப்படி மனம் வந்தது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அனுமதி கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“கடைசியா நீதான அவகூட இருந்த,” என்றாள் தண்ணீரைப் பார்த்து. “எம்புள்ள பயந்தாளா?”

சொன்ன பிறகுதான், இரண்டு வருடமாகத் தன்னிடம் இருந்தது இந்த ஒரு கேள்விதான் என்று அவளுக்குத் தெரிந்தது. போலீஸிடம், டாக்டரிடம், கரையேறிவந்த அந்தத் தோழிகளிடம், யாரிடமும் கேட்க முடியாத கேள்வி. அப்படியே கரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

புகழேந்தி அவளைத் தாண்டிப் போனான். கைலியை மடித்துக் கட்டவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சரிவில் இறங்கி, முழங்கால் ஆழத்தில் போய் நின்றான். பிறகு குனிந்து, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டான்.

“தேவி,” என்றான், திரும்பாமலே. “வெளியதான் குளுரு. உள்ள வெதுவெதுன்னு இருக்குது.”

அவள் எழுந்து, புல்லைப் பிடித்துக்கொண்டு ஓரடி இறங்கினாள். அவன் இறங்கியபோது கலைந்து விலகிய நாமக்கோழிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, அவனைச் சுற்றிலும் மறுபடி மேயத் தொடங்கியிருந்தன.