தண்ணீர் தீர்ந்த பிறகு

புது வண்டிகள் மூன்றும் நிலையத்துக்குள் நுழைந்தபோது, வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் தீயணைப்பு வீரன் வாயடைத்துப்போய் நின்றான். அதுவே ஒரு செய்திதான். இரண்டு தண்ணீர் வண்டிகள், ஒரு மீட்பு வண்டி. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

"அடேங்கப்பா! இதுல போய் இறங்கினா தீயே எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்லும் போலிருக்கே!" என்றான், பேச்சு திரும்பியதும்.

எல்லோரும் சிரித்தார்கள், நிதானம் ஒருவரைத் தவிர. நிதானம் அந்த நிலையத்தின் மூத்த ஓட்டுநர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வண்டியையும் எங்கேயும் உரசியதில்லை என்பதால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்தது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவர் புது வண்டியின் உச்சியில் இருந்த சுழல்விளக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டிகளில் ஒன்றை அவருடைய தங்கைதான் வரவழைத்தாள் என்று சொன்னால் தப்பில்லை. ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் எழுநூறு வீடுகள், அவளுடையதும் அதில் ஒன்று. போக வர ஒரே வழி, பாலத்துக்கு அடியில் இருக்கும் கல் வளைவு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் அங்கே மெத்தைப் பட்டறை ஒன்று எரிந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவன் தங்கையின் கணவன், இதே நிலையத்து வீரன். பாதியில் பம்பு நின்றது. தண்ணீர் நின்றது. அவன் திரும்பி வரவில்லை. வெளியே பம்புக்குப் பக்கத்தில் நின்றவர் நிதானம்.

கண்ணீர் காய்வதற்குள் தங்கை முதல் மனுவை எழுதினாள். மூன்று வருடம் செருப்பு தேய நடந்தாள். 'நாளைக்கு வாம்மா', 'அந்தப் பிரிவு மாடியிலம்மா', 'அவர் லீவும்மா'. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மியை நகர்த்திவிடலாம் ஐயா, அலுவலகத்தை நகர்த்திப் பாருங்கள் தெரியும்! அவள் நகர்த்தினாள். நாளை மறுநாள் விழா. நாடாவை வெட்டப்போவதும் அவள்தான்.

அதற்கு முன் ஒரு கையெழுத்து வேண்டும். புது வண்டி அந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்று சோதனைப் படிவத்தில் மூத்த ஓட்டுநர் போடவேண்டிய கையெழுத்து.

கையெழுத்து என்றாலே நிதானத்துக்குப் பழையது ஒன்று ஞாபகம் வரும். அந்தத் தீ விபத்துக்குப் பத்து நாள் முன்னால் பழைய வண்டியின் பம்பில் ஒரு முனகல் கேட்டது. அன்றைய அதிகாரியிடம் சொன்னார். "வேற வண்டி எங்கய்யா இருக்கு? போடுய்யா," என்றார் அவர். இவர் போட்டார். 'தகுதியுள்ளது' என்று எழுதி, கீழே தன் பெயர். இதைத் தங்கையிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை கிளம்பிப் போனார். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பி வந்தார்.

பதினொரு மணிக்குச் சோதனை. தொட்டி நிறையத் தண்ணீரோடு, நிலைய அதிகாரி பக்கத்தில் உட்கார, வாயாடி முன்னால் நடந்து கை காட்ட, வண்டி வளைவுக்குள் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தது. சுழல்விளக்குக்கும் கல்லுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி.

"அப்பாடா! போடுங்க, முடிச்சுடலாம்," என்று அதிகாரி படிவத்தை நீட்டினார். நிலையத்துக்குப் புதிதாக வந்தவர், நல்ல மனுஷி. மனசு தங்கம், அவசரம் மட்டும் கூடவே பிறந்தது.

நிதானம் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"மேடம், தண்ணியை இங்கேயே காலி பண்ணிட்டு, வெறும் தொட்டியோட ஒருதரம் திரும்பிப் பாத்துடலாமா?"

"வெறும் தொட்டியாவா? படிவத்துல அப்படி எதுவும் கேக்கலையே?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தீயணைப்பு வண்டி நிறைந்த தொட்டியோடுதான் கிளம்பும். அதனால் எல்லா அளவையும் நிறைந்த தொட்டியோடுதான் எடுப்பார்கள். தண்ணீரைக் கொட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பும் வண்டியை யாரும் அளந்ததில்லை.

"அஞ்சாயிரம் லிட்டர் மேடம். அவ்வளவு பாரம் இறங்குனா வண்டி மேல எழும்பும்."

தெருக்கோடிப் பொட்டலில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். தங்கையும் வந்து நின்றாள். தொட்டி காலியானதும் நிதானம் வண்டியைத் திருப்பி ஆமை வேகத்தில் வளைவுக்குள் விட்டார். நடுவில் 'கரக்' என்று ஒரு சத்தம். இருபத்திரண்டு வருடத்தில் முதல் உரசல்.

வண்டி முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக அதிகாரியின் முகம் ஆகிவிட்டது. "டயர்ல கொஞ்சம் காத்தை இறக்கினா வெளிய வந்துடுமே," என்றார் மெதுவாக.

"வந்துடும் மேடம். வீடு எரிஞ்சுகிட்டு இருக்கும்போது நாம இங்க உக்காந்து காத்தா இறக்கிட்டு இருப்போம்? அடுத்த வண்டி உள்ள வர முடியாது. அடிபட்டவங்களை வெளிய கொண்டுபோக முடியாது. எழுநூறு வீட்டையும் நாமளே மூடி போட்டு அடைச்ச மாதிரி ஆயிடும்."

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். "நீங்க போடலைன்னா இதை வேற நிலையத்துக்கு அனுப்பிடுவாங்க. சின்ன வண்டிக்கு மறுபடி முதல்லேருந்து எழுதணும். உங்க தங்கச்சிகிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

வெளிப்பக்கத்துத் தெருக்குழாயிலிருந்து வாயாடி தண்ணீர் பிடித்து விட்டான். தொட்டி நிறைந்து வண்டி கீழே இறங்க அரைமணி ஆகும். அதற்குள் தங்கையே வளைவுக்குள் வந்துவிட்டாள்.

"என்னண்ணா, நாடா வெட்டறதுக்கு முன்னாடியே மண்டையை முட்டிக்கிச்சு?"

அவர் சொன்னார். அவள் சுவரோரத் திட்டில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

"நீ கையெழுத்துப் போட்டா?"

"வண்டி வரும். என்னைக்காவது ஒருநாள் இப்படி நின்னுடும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வருட நடை அந்தக் கல்லில் முட்டி நின்றது.

"இன்னொண்ணும் சொல்லணும்மா. பழைய வண்டிக்கு... அந்தப் பம்புக்கு..."

"நீதான் போட்ட," என்றாள்.

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போலிருந்தது அவருக்கு.

"முதல் வருஷமே அந்தப் படிவத்தோட நகல் வாங்கிட்டேன். தீப்பிடிக்கிறதுக்குப் பத்து நாள் முந்தின தேதி. என் மார்க் அட்டையில எல்லாம் அப்பாவுக்குத் தெரியாம நீதானே போட்டுக் குடுப்ப? உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"மாடியில ஒருத்தர்கிட்ட அதைக் காட்டினேன். 'இதாம்மா ஆதாரம், மனுவோட வை, ஆறே மாசத்துல வண்டி வரும்'னாரு. திரும்பப் பையில வச்சுக்கிட்டேன். என் வீட்டுக்காரரைத்தான் குடுத்தாச்சு. உன்னையும் எப்படிண்ணா குடுக்கிறது? கோவம் இல்லைன்னு நினைச்சுடாத. உன்னைப் பாக்கும்போதெல்லாம் இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

நிதானம் அழுதார். தெருவே பார்க்கிறது என்ற கூச்சம்கூட வரவில்லை. அவள் தேற்றவில்லை, எழுந்து போகவும் இல்லை.

பிறகு அவர் படிவத்தை வளைவுச் சுவரில் வைத்து எழுதினார். 'இப்பகுதிக்குத் தகுதியில்லை.' காரணம். தேதி. பெயர்.

"இறங்கிடுச்சு! எடுங்கண்ணே!" என்று வாயாடி அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான்.

தங்கை படிவத்தை வாங்கி ஒரு வரி விடாமல் வாசித்தாள். கீழே இருந்த கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல எனக்கு ஒரு நகல் வேணும்," என்றாள். "புது மனுவோட இதை வைக்கிறேன்."